டின்னுக்குள் இருக்கும் பல்சக்கரைட்டு

பல்சக்கரைட்டு என்ற சொல்லை நான் முதலில் படித்தது உயர்தர உயிரியல் வகுப்பில். பரீட்சை முடிந்த கையோடு மறந்தும் போனேன். பல வருடம் கழித்து அது ஒரு டின்னின் மேல் பொன்னெழுத்தில் திரும்பி வந்தது. வெள்ளவத்தையில் எங்கள் கீழ்வீட்டு மாமி அந்த டின்னோடு படியேறி வந்திருந்தார்.

“தம்பி, நீங்கள் சயன்ஸ் படிச்சனீங்கள்தானே. இதில என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. குடிச்சால் தடிமன், காய்ச்சல் ஒண்டும் கிட்ட வராதாம்.”

காளான் பொடி. பல்சக்கரைட்டு 30 வீதம். நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டும், அன்டிஒக்சிடன்ட் நிறைந்தது என்று இரண்டு வரி. விலையைச் சொல்ல மாமிக்கே கூச்சமாக இருந்தது. அந்தக் காசுக்கு அவர் வீட்டுக்கு ஒரு மாத அரிசி வாங்கலாம்.

நான் அங்கேயே “இதெல்லாம் பொய் மாமி” என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் முழுப் பொய் இல்லை. பல்சக்கரைட்டுகளுக்கும் நம் நோயெதிர்ப்புத் தொகுதிக்கும் உறவு இருப்பது உண்மை. அது நூறு வருடமாகத் தோண்டப்பட்ட விஷயம். ஆனால் அந்த ஆராய்ச்சியில் இருந்து இந்த டின்னுக்கு வருகிற வழியில் ஒரு படி காணாமல் போகிறது. அந்தப் படி வாய்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். சீனி மூலக்கூறுகளை மணி கோத்ததுபோல் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கோத்தால் கிடைப்பது பல்சக்கரைட்டு. தமிழ்நாட்டில் பாலிசாக்கரைடு என்பார்கள். சோற்றில் இருக்கிற மாப்பொருள் அதுதான். நாம் போட்டிருக்கும் பருத்திச் சட்டையின் செலுலோசு அதுதான். இறால் கோதில் இருக்கும் கைற்றின், ஜாமை இறுக வைக்கிற பெக்ரின், நோன்பு காலத்தில் முஸ்லிம் வீடுகளில் செய்கிற கடற்பாசி, வெண்டிக்காயின் வழுவழுப்பு, ஊறிய வெந்தயத்தின் கொழகொழப்பு எல்லாம் இந்தக் குடும்பம். ஆகவே ‘பல்சக்கரைட்டு உடம்புக்கு நல்லது’ என்பது ‘திரவம் உடம்புக்கு நல்லது’ என்பதைப் போன்ற வசனம். எந்தத் திரவம் என்று கேட்க வேண்டாமா?

மணிகள் ஒன்றாக இருந்தாலும் கோத்த விதம் மாறினால் பொருளே மாறிவிடும். மாப்பொருளும் செலுலோசும் இரண்டுமே வெறும் குளுக்கோசுதான். இணைப்பு ஒன்றில் அல்பா வகை, மற்றதில் பீற்றா வகை. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஒரு வித்தியாசத்தால் சோறு செமிக்கிறது, சட்டை செமிக்காது. இதே குழப்பம் பீற்றா குளுக்கன் என்ற பெயரிலும் உண்டு. ஓட்ஸில் இருப்பதும் பீற்றா குளுக்கன், காளானிலும் ஈஸ்ற்றிலும் இருப்பதும் பீற்றா குளுக்கன். ஆனால் கோர்வை வேறு, வேலையும் வேறு. விளம்பரக்காரர்களுக்கு இது வசதி. ஒன்றுக்குக் கிடைத்த நற்சான்றிதழை மற்றதன் கழுத்தில் தொங்கவிடலாம்.

சரி, நோயெதிர்ப்புக்கு வருவோம்.

உயர்தரம் படித்தவர்களுக்குக் கிரிபித்தின் பரிசோதனை நினைவிருக்கும். 1928, நிமோனியா பக்டீரியா, சுண்டெலிகள். வழுவழுப்பான இனம் எலியைக் கொல்லும், கரடுமுரடான இனம் கொல்லாது. நமக்கு அதை டிஎன்ஏ கதையின் முன்னுரையாகத்தான் படிப்பித்தார்கள். அந்த வழுவழுப்பு எதனால் என்று கேட்டால் பலருக்குப் பதில் வராது. அது ஒரு பல்சக்கரைட்டு உறை. அந்த உறையைப் போர்த்திக்கொண்டு வரும் பக்டீரியாவை நம் தின்கலங்களால் பிடித்து விழுங்க முடிவதில்லை. கையில் எண்ணெய் பூசிக்கொண்டு வந்த கள்ளனைப் போல வழுக்கிக்கொண்டு போய்விடும். அதாவது நோயெதிர்ப்புக் கதையில் பல்சக்கரைட்டு முதலில் மேடையேறியது எதிரியின் கவசமாகத்தான்.

அந்தக் கவசத்தையே அடையாளமாகப் பிடித்துக்கொள்ளலாம் என்பது அடுத்த கண்டுபிடிப்பு. நியூயோர்க்கின் ரொக்கபெல்லர் நிறுவகத்தில் ஒஸ்வல்ட் ஏவரியும் மைக்கல் ஹைடெல்பேர்கரும் 1923-ல் இந்த உறை ஒரு பல்சக்கரைட்டு என்றும், எதிர்ப்பொருள்கள் (கிருமியைப் பிடிக்க உடம்பு செய்கிற புரதங்கள்) அதைத்தான் அடையாளம் காண்கின்றன என்றும் காட்டினார்கள். உடம்பு அடையாளம் காண்பது புரதத்தை மட்டும்தான் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. பின்னாளில் 23 வகை நிமோனியா பக்டீரியாவின் உறைகளைச் சுத்தம் செய்து ஒரே ஊசியில் சேர்த்த தடுப்பூசி 1983-ல் வந்தது.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் உடம்பு வெறும் பல்சக்கரைட்டைச் சட்டை செய்யாது. அதனால் அதை ஒரு புரதத்தோடு முடிச்சுப் போட்டுக் கொடுக்கும் முறை வந்தது. ஹிப் என்று சுருக்கமாகச் சொல்கிற மூளைக்காய்ச்சல் பக்டீரியாவுக்கு எதிரான தடுப்பூசி அப்படிச் செய்ததுதான். இலங்கையில் 2008 முதல் அது ஐந்து நோய்களுக்கு ஒன்றாகப் போடும் பென்டாவேலன்ட் ஊசிக்குள் இருக்கிறது. இரண்டு, நாலு, ஆறு மாதங்களில் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போகிற ஒவ்வொரு குழந்தையின் தொடையிலும் ஏறுகிறது. நோயெதிர்ப்புச் சக்தி கூட்டும் பல்சக்கரைட்டு வேண்டுமென்றால், சந்தேகமே இல்லாத ஒன்று அதுதான். இலவசம். யாரும் அதற்குப் பொன்னெழுத்தில் பெயர் போடுவதில்லை.

காளானின் கதை இதன் பக்கத்து ஒழுங்கை. காளான், ஈஸ்ற் போன்ற பங்கசுகளின் கலச்சுவரில் ஒரு தனி வகைப் பீற்றா குளுக்கன் உண்டு. நம் உடம்பு அதைச் செய்வதில்லை. ஆகவே உள்ளே அதைக் கண்டால் ‘பங்கசு வந்துவிட்டது’ என்றுதான் உடம்பு எடுத்துக்கொள்ளும். அதைக் கண்டுபிடிக்கிற வாங்கி ஒன்று நம் வெண்குழியங்களின் மேல் இருக்கிறது என்பதை 2001-ல் ஒக்ஸ்போர்டில் கோர்டன் பிரவுனும் சியமன் கோர்டனும் காட்டினார்கள். டெக்ரின்-1 என்று பெயர். பீற்றா குளுக்கன் போய் அதில் பொருந்தியதும் தின்கலம் உசாராகிறது, மற்றக் கலங்களுக்குச் செய்தி அனுப்புகிறது, விழுங்கத் தயாராகிறது.

வாங்கி தெரிவதற்கு வெகு முன்பே ஜப்பானில் அதை மருந்தாக்கிவிட்டார்கள். 1969-ல் கோரோ சிகாராவின் குழு ஷிடாக்கே காளானில் இருந்து லென்ரினான் என்ற பீற்றா குளுக்கனைப் பிரித்து, எலிகளின் புற்றுக்கட்டி சுருங்கியதைக் காட்டியது. 1985-ல் அது ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய்க்கு, கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுக்கும் துணை மருந்தாக அனுமதி பெற்றது. கவனிக்க: ஊசியாக. நேரே இரத்தத்துக்குள். மாமியின் டின்னில் ‘ஜப்பானிய மருத்துவம் ஏற்றுக்கொண்டது’ என்று ஒரு வரி இருந்தது. வரி சரிதான். ஊசி என்ற சொல்தான் விடுபட்டுப் போயிருந்தது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேறொரு காளானில் இருந்து எடுத்த கிரெஸ்டின் என்ற மருந்துக்கு ஜப்பான் 1977-ல் அனுமதி கொடுத்தது. அது வாயால் எடுப்பது. புரதத்தோடு ஒட்டிய பல்சக்கரைட்டு. அதுவும் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணையாகத்தான், நல்லாயிருக்கிற மனிதர் தடிமனைத் தடுக்கக் குடிப்பதற்கு இல்லை. ஆகவே வாயால் போனால் ஒன்றுமே நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். சிறுகுடல் சுவரில் உள்ள நிணநீர்த் திட்டுகள் வழியாகக் கொஞ்சத் துணிக்கைகள் உள்ளே எடுக்கப்படுவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஊசியில் நடப்பதும் இதுவும் ஒன்றல்ல. கரையும் வடிவமா, துணிக்கை வடிவமா என்பது வேறு இருக்கிறது. டெக்ரின்-1 முழுதாக முடுக்கிவிடப்படுவது துணிக்கையாக வரும் குளுக்கனால்தான், கரைந்து வருவது வந்து ஒட்டினாலும் அதே வேலையைச் செய்வதில்லை என்று 2011-ல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. ‘எளிதில் கரையக்கூடியது’ என்று டின்னில் பெருமையாகப் போட்டிருப்பதைப் பார்த்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

இப்போது வாய் வழியே போவோம். இதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

உணவில் வருகிற மாச்சத்து வகைகளை உடைக்க மனித மரபணுத்தொகுதி கொடுத்திருக்கும் நொதியங்கள் 17-ஐத் தாண்டாது என்று கணித்திருக்கிறார்கள். மாப்பொருள், சீனி, பால்வெல்லம், அதோடு நம் கெட்டித்தனம் முடிந்தது. காளான் குளுக்கன், வெந்தயப் பசை, தேங்காய்ப்பூவில் இருக்கும் மன்னன் (ராஜா இல்லை, ஒரு பல்சக்கரைட்டின் பெயர்), கடற்பாசி, இவையெல்லாம் சிறுகுடலை அப்படியே கடந்து பெருங்குடலுக்குப் போகும். அங்கே குடியிருக்கிற பக்டீரொயிடீஸ் என்ற பக்டீரியாவின் ஒரே ஓர் இனத்திடம் மட்டும் இப்படிச் சங்கிலி அறுக்கும் நொதியங்கள் 200-க்கு மேல் இருக்கின்றன. நாம் விழுங்குகிறோம், அவை சாப்பிடுகின்றன.

எந்த ஊரில் எதைச் சாப்பிடுகிறோமோ அதற்கேற்ப அவையும் பழகிக்கொள்ளும். சுஷியைச் சுற்றுகிற கடற்பாசியில் போர்பிரன் என்ற பல்சக்கரைட்டு உண்டு. அதை உடைக்கும் மரபணு கடலில் வாழும் ஒரு பக்டீரியாவுக்குச் சொந்தமானது. 2010-ல் பார்த்தால், அந்த மரபணு ஜப்பானியரின் குடல் பக்டீரியாவுக்குள் குடிபெயர்ந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்த்த வட அமெரிக்கர்களின் குடலில் அது இல்லை. பாசியோடு கூடவே வந்த பக்டீரியாவிடம் நம் பக்டீரியா கைமாற்றாக வாங்கிக்கொண்டது.

இப்படிச் சாப்பிட்ட பக்டீரியா கழித்துவிடுவது சின்னச் சின்னக் கொழுப்பமிலங்கள். அசற்றேற்று, புரோப்பியனேற்று, பியூற்றிரேற்று. பெருங்குடல் சுவரின் கலங்களுக்குப் பியூற்றிரேற்றுதான் முக்கியமான எரிபொருள். 2013-ல் அடுத்தடுத்து வந்த மூன்று ஆய்வுகள், இந்த அமிலங்கள் எலிகளின் குடலில் ஒழுங்குபடுத்தும் ரீ கலங்கள் என்ற வெண்குழியங்களைப் பெருக்குவதைக் காட்டின. அந்தக் கலங்களின் தொழில் என்ன? நோயெதிர்ப்பைக் கட்டுக்குள் வைப்பது. ‘போதும், அடங்கு’ என்று சொல்வது.

டின் என்ன சொல்கிறது? கூட்டும், முடுக்கும், உயர்த்தும். செமிக்காத பல்சக்கரைட்டு வயிற்றுக்குள் போய்ப் பெரும்பாலும் செய்வதோ சமாதானப் பேச்சுவார்த்தை. எனக்கு அந்த வேலைதான் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் சமாதானத்தை டின்னில் அடைத்து விற்பது கஷ்டம்.

இந்த வேலைக்குக் கொழும்பில் டின் தேவையும் இல்லை. 2015-ல் கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரியின் மாணவர் ஒருவரும் அவரை வழிநடத்திய புஷ்பராஜா தவராஜாவும் அமெரிக்க இரசாயனச் சங்கக் கூட்டத்தில் ஓர் ஆய்வை வைத்தார்கள். உலகப் பத்திரிகையெல்லாம் அதை எழுதியது. இலங்கை அரிசி 38 வகையை எடுத்துப் பார்த்தார்கள். கொதிக்கிற தண்ணீரில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டு, பிறகு அரிசியைப் போட்டு, வெந்த சோற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் 12 மணித்தியாலம் வைத்தார்கள். செமிக்காத மாப்பொருள், அதாவது பெருங்குடல் வரை போகக்கூடிய மாப்பொருள், ஒரு வகை அரிசியில் பத்து மடங்கு கூடியிருந்தது. ஆறும்போது மாப்பொருள் சங்கிலிகள் ஒன்றையொன்று இறுக்கிப் படிந்துகொள்கின்றன. நம் நொதியத்துக்கு அதற்குள் நுழைய இடம் கிடைப்பதில்லை. அது ஆரம்பநிலை ஆய்வு, மனிதர்களில் செய்தது அல்ல. சலரோகக்காரர் இதை நம்பி இரண்டு கோப்பை கூடச் சாப்பிடத் தொடங்கினால் வம்பு. ஆனாலும் பழஞ்சோற்றைச் சம்பலோடு பிசைந்து சாப்பிட்ட நம் ஆச்சிமார் பெருங்குடலுக்குப் படியளந்துகொண்டுதான் இருந்தார்கள். காலை நடைக்காரர்களுக்குப் பாத்திரத்தில் விற்கிற இலைக்கஞ்சியும் அப்படித்தான். சிவப்பரிசி, தேங்காய்ப்பால், வல்லாரை அல்லது சாத்தாவாரி, கடிக்க ஒரு துண்டுச் சக்கரை. மருந்தென்று நினைத்துக் குடித்தாலும் பசிக்குக் குடித்தாலும் நார்ச்சத்துக்கு ஒன்றுதான்.

இனி டின்னின் இரண்டாவது வரி. அன்டிஒக்சிடன்ட்.

ஒட்சிசனில் இருந்து பிறக்கிற சில மூலக்கூறுகள் ஓர் இலத்திரனைத் தொலைத்துவிட்டு, அகப்பட்டதிடம் எல்லாம் பறிக்கத் திரியும். அவைதான் சுயாதீன மூலிகங்கள். முதுமைக்கு அவைதான் காரணம் என்று டென்ஹாம் ஹார்மன் 1956-ல் எழுதினார். கேட்க அழகாக இருந்தது. அப்படியானால் மூலிகங்களை அடக்கும் பொருளை, அதாவது அன்டிஒக்சிடன்டை, சாப்பிட்டால் போதுமே? பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களை வைத்துப் பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தது: பீற்றா கரற்றின் என்ற அன்டிஒக்சிடன்ட் குளிசை எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூட. இதே போன்ற இன்னோர் அமெரிக்க ஆய்வை 1996-ல் பாதியில் நிறுத்தவேண்டி வந்தது. உணவுகளை அன்டிஒக்சிடன்ட் வலுவில் வரிசைப்படுத்தும் ஓராக் என்ற அட்டவணையை அமெரிக்க விவசாயத் திணைக்களமே தன் தளத்தில் வைத்திருந்தது. உடம்புக்குள் நடப்பதற்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, கம்பனிகள் அதை விளம்பரத்துக்குப் பிடித்துக்கொண்டன என்று 2012-ல் எடுத்துவிட்டது.

பல்சக்கரைட்டின் அன்டிஒக்சிடன்ட் வலு என்று எழுதப்படுவதில் பெரும்பகுதி ஆய்வுகூடக் குழாயில் அளந்தது. டிபிபிஎச் என்ற ஊதாநிறக் கரைசலில் சாற்றை விடுவார்கள். நிறம் மங்கி மஞ்சளானால் வெற்றி. மலிவான, ஒரு பிற்பகலில் முடிக்கக்கூடிய பரிசோதனை. வற்றமின் சி-க்கு மைக்ரோகிராம் கணக்கில் போதும்; பல்சக்கரைட்டுக்குப் பொதுவாக மில்லிகிராம் கணக்கில் தேவைப்படும். அதிலும் நிறத்தை மங்கவைத்தது சங்கிலியா, அதில் ஒட்டிக்கொண்டு வந்த பொலிபீனோலா, புரதமா என்பது சாற்றை நன்றாகச் சுத்தம் செய்தால்தான் தெரியும். சுத்தம் செய்யச் செய்ய வலு குறைவது புதினமில்லை. சல்பேற்றுக் கூட்டங்கள் கொண்ட பியூக்கொயிடன் போன்ற கடற்பாசிச் சங்கிலிகள் இரும்பைப் பிடித்து வைத்து மூலிகம் பிறப்பதைக் கொஞ்சம் தடுக்கும். சரி. ஆனால் அவ்வளவு பெரிய மூலக்கூறு குடலில் இருந்து இரத்தத்துக்குப் போவது மிகச் சொற்பம்.

இதையெல்லாம் விட வேடிக்கையான ஒன்று இருக்கிறது. வெண்குழியம் பக்டீரியாவைக் கொல்வது எதைக் கொண்டு? அதே சுயாதீன மூலிகங்களைக் கொண்டுதான். வேண்டுமென்றே உற்பத்தி செய்து எதிரியின் மேல் கொட்டுகிறது. அவற்றை உற்பத்தி செய்கிற நொதியம் பிறவியிலேயே பழுதாக இருக்கிற பிள்ளைகளுக்குத் தொற்று மேல் தொற்றாக வரும். காளான் குளுக்கன் டெக்ரின்-1-ஐத் தட்டும்போது நடப்பதில் ஒன்று இந்த மூலிகங்கள் பொங்குவது. ஈஸ்ற்றின் கலச்சுவரில் இருந்து எடுக்கும் சைமோசானை ஆய்வுகூடங்களில் வைத்திருப்பதே, வெண்குழியங்களை அப்படிப் பொங்க வைத்துப் பார்ப்பதற்கு. ஆக, டின்னின் முதலாவது வரி உண்மையானால் மூலிகம் கூட வேண்டும். இரண்டாவது வரி உண்மையானால் குறைய வேண்டும். இரண்டும் ஒரே கரண்டிப் பொடியில். எந்த இடத்தில், எப்போது, எவ்வளவு என்று சொல்லாமல் இந்த இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறவர் ஒன்றையும் சொல்லவில்லை.

கடற்பாசியிலும் இப்படி ஒரு கூத்து உண்டு. செம்பாசிகளில் இருந்து எடுக்கிற கரஜீனன் ஐஸ்கிறீமையும் சொக்கலேற் பாலையும் கெட்டியாக வைத்திருக்கும். அதற்கான பாசியை யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கரைகளில் வளர்க்கிறார்கள். அதே கரஜீனனை எலியின் பாதத்தில் ஊசியாக ஏற்றினால் பாதம் பொம்மென்று வீங்கும். அழற்சியைக் குறைக்கும் மருந்துகளைச் சோதிக்க 1962 முதல் அந்த வீக்கத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். வாயால் போனால் இனிப்பு, ஊசியால் போனால் வீக்கம்.

ஆய்வுகூடச் செய்திகளைப் படிக்கும்போது மனதில் வைக்க இன்னொரு பொறி உண்டு. பல பக்டீரியாக்களின் வெளித்தோலில் இருக்கும் லிப்போபொலிசக்கரைட்டு, நம்ப முடியாத அளவு சொற்பத்திலேயே தின்கலங்களைக் கிளப்பிவிடும். இலை, வேர், காளான் எல்லாவற்றிலும் பக்டீரியா குடியிருக்கும். சாறு எடுக்கும்போது அதுவும் கூட வரும். பிறகு அந்தச் சாற்றைக் கலங்களின் மேல் விட்டால் கலங்கள் துள்ளும், நாம் மூலிகையைப் புகழ்வோம். நோயெதிர்ப்பைத் தூண்டுவதாகச் சொன்ன சில மூலிகைச் சாறுகளைத் திரும்பச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2008-ல் வந்தது. குழாயில் கண்ட தூண்டலில் பெரும்பங்கு இப்படி ஒட்டிவந்த பக்டீரியாப் பொருட்களுடையது என்று அது சொன்னது. பாவம் மூலிகை.

மனிதரில் உறுதியானது என்ன என்று கேட்டால் பதில் சின்னது. ஓட்ஸின் பீற்றா குளுக்கனை நாளுக்கு 3 கிராம் எடுத்தால் கொலஸ்ரோல் குறையும். அமெரிக்கா 1997-லேயே அதை லேபலில் எழுத அனுமதித்தது, ஐரோப்பாவும் பிறகு ஏற்றது. ஈஸ்ற் குளுக்கன் தடிமனைக் குறைக்கிறதா என்று பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, பலவற்றுக்குக் காசு போட்டது அதை விற்கிற கம்பனிகள்.

அப்புறம், கூட்டுவது நல்லதா என்ற கேள்வி. நம் ஊரில் இதைக் கேட்காமல் விட முடியாது. 2017-ல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது, கொழும்புதான் முன்னால் நின்றது. இரண்டாம் முறை வேறு வகை டெங்கு வரும்போது நிலைமை மோசமாவதில், முதல் தடவை உருவான எதிர்ப்பொருள்களுக்கே பங்கு உண்டு. இரத்தக்குழாயில் இருந்து திரவம் கசிந்து ஆபத்தாகும் கட்டத்தில், நோயாளியைப் படுத்துவதில் பெரும்பகுதி அவருடைய சொந்த நோயெதிர்ப்பின் பொங்கல். லூப்பஸ், ருமற்றொயிட் மூட்டுவாதம் இருக்கிறவர்களுக்கு நோயெதிர்ப்பு கூடிப்போனதுதான் நோயே. சிறுநீரகம் மாற்றியவர்கள் அதைக் குறைக்கத்தான் குளிசை விழுங்குகிறார்கள். கூட்டுவது என்ற சொல்லே சம்பளத்துக்குத்தான் பொருந்தும்.

சீந்தில் கொடி இதற்கு ஒரு பாடம். சிங்களத்தில் ரசகிந்த. புறக்கோட்டை கேபோஸ் லேன் மருந்துக்கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதன் தண்டில் உள்ள ஒரு பல்சக்கரைட்டு நோயெதிர்ப்புக் கலங்களைத் தூண்டுவதாக இந்திய ஆய்வுகள் உண்டு. கொரோனா நேரம் இந்தியாவில் வீடு வீடாகக் குடித்தார்கள். 2021-ல் மும்பை வைத்தியர்கள், சீந்தில் குடித்த ஆறு பேருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதை எழுதினார்கள். தன் உடம்பைத் தானே தாக்கும் வகை ஈரல் அழற்சியைப் போல இருந்தது. பாரம்பரிய மருத்துவத்துக்கான இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சு அதை மறுத்தது. பிறகு பல வைத்தியசாலைகளில் இருந்து சேர்த்த 43 பேரின் விபரம் வந்தது. அது அந்தப் பல்சக்கரைட்டின் வேலைதான் என்று யாரும் நிறுவவில்லை. ஆனால் இயற்கையானது, ஒன்றும் செய்யாது என்று சொல்கிறவரிடம் நான் கேட்பது இதுதான்: ஒன்றும் செய்யாதென்றால் ஏன் குடிக்கிறோம்?

நாங்கள் மட்டும் என்ன குறைவு? 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவைத் தடுக்கும் என்று சொன்ன ஒரு பாணிக்காகச் சனம் வரிசையில் நின்று நெருக்கியடித்தது. அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதைப் பகிரங்கமாகக் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கே கொரோனா என்று முடிவு வந்தது.

மாமியின் டின்னுக்குத் திரும்புவோம். மருந்தும் இல்லாமல் உணவும் இல்லாமல் நடுவில் நிற்கிற பொருட்களை எல்லைக்கோட்டு உற்பத்திகள் என்று 2015-ம் ஆண்டின் 5-ம் இலக்கச் சட்டம் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் கீழ் கொண்டுவந்தது. பதிவு இலக்கம் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காணவில்லை. ‘பல்சக்கரைட்டு 30 வீதம்’ என்பதுதான் என்னை உறுத்தியது. எந்தப் பல்சக்கரைட்டு? பல கம்பனிகள் காளானை வளரவிடாமல், தானியத்தின் மேல் அதன் பூசணநூலை மட்டும் வளர்த்து, தானியத்தோடு சேர்த்தே அரைத்துவிடுகின்றன. அப்படி அரைத்தால் தானியத்தின் மாப்பொருளும் பல்சக்கரைட்டுக் கணக்கில் சேரும். பொய்யில்லை, சோறும் பல்சக்கரைட்டுத்தானே. பீற்றா குளுக்கன் எவ்வளவு என்று தனியாகப் போட்டால்தான் கொஞ்சமாவது விஷயம் தெரியும். போடவில்லை.

இதைப் பார்க்க ஆறாம் வகுப்பு விஞ்ஞானம் போதும். காயத்துக்குப் பூசுகிற அயடீன் மருந்து எங்கள் அலுமாரியில் இருந்தது. ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து, ஒரு பீரிசில் அரைக் கரண்டிப் பொடி, மற்றதில் ஒரு பருக்கைச் சோறு, மூன்றாவதில் சந்தையில் வாங்கிய சிப்பிக் காளான் ஒரு துண்டு என்று மாமியின் முன்னாலேயே வைத்து விட்டேன். சோறு நீலக்கறுப்பு. காளான் துண்டு அயடீனின் மண்ணிறத்திலேயே நின்றது. பொடி, சோற்றுக்குச் சளைக்காத நீலக்கறுப்பு.

மாப்பொருள் இருக்கிறது என்று மட்டும்தான் இது சொல்கிறது, எவ்வளவு என்றோ காளானே இல்லை என்றோ சொல்லவில்லை என்று நான் மாமிக்கு விளக்கத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை. பீரிசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இது மாவோ தம்பி?”

“கொஞ்சம் காளானும் இருக்கும் மாமி.”

டின்னை மூடினார். மூடியை இறுக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“எறியக் கூடாது. நாளைக்கு இலைக்கஞ்சி காய்ச்சிறன், தடிப்புக்கு இதில ரெண்டு கரண்டி போட்டால் அரிசி மிச்சம்தானே. உங்களுக்கும் ஒரு கோப்பை குடுத்து விடுறன்.”